ஐந்தாம் நாள் படத்தின் கதைச் சுருக்கம்

உங்கள் மடியில் இருக்கிற பையின்மேல் ஒரு குடையும் பிலிம் சுருளும் அச்சடித்திருக்கிறதே, அந்தப் படம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அதே பைதான் கொடுத்தார்கள். பிரிட்டிஷ், அயர்லாந்து திரைப்பட விழா. நீங்கள் நாகர்கோவிலில் பார்த்தீர்களா? அங்கே முடித்துவிட்டுத்தான் எங்கள் மேலக்கரைக்கு அனுப்பினார்கள் என்று கேள்வி. அதே ஐந்து படங்கள்தானே? கடைசி நாள் அந்த நூற்பாலைப் படம்தானே? நினைத்தேன்.

சார் என்ன வேலை? கல்லூரியிலா? என்ன பாடம்? ஆங்கிலமா? நல்லதாகப் போயிற்று. கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துங்கள். மறக்க மாட்டேன், சும்மா சொன்னேன். திருநெல்வேலி போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இந்த ஓட்டுநர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

என் பெயர் சோலையப்பன். மேலக்கரை நூற்பாலைத் தொழிலாளி. ஆலை என்னை நிறுத்தி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது, ஆனால் நான் ஆலையை விடவில்லை. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் பிரசுரங்கள். நாலணாப் பிரசுரம், எட்டணாப் பிரசுரம். எந்த நாட்டில் எந்தப் போராட்டம் என்று கேளுங்கள், சொல்வேன். அயர்லாந்தைப் பற்றி 1971-லேயே படித்துவிட்டேன். நாற்பது பக்கம். கடைசி நாலு பக்கம் கிழிந்து போயிருந்தது, அது வேறு விஷயம்.

இதை நான் பொறாமையில் சொல்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் வெளியூர். கேட்டுவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

சீதாலட்சுமி டாக்கீஸ் மேனேஜர் குற்றாலிங்கம் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தான். நல்லவன்தான். தியேட்டரில் பகல் காட்சிக்கு முன்னால் காலை முழுக்கச் சும்மாதானே கிடக்கிறது, ஒரு விழா நடத்துவோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

“அண்ணாச்சி, அஞ்சு நாளு. காலைல பத்து மணிக் காட்சி. டிக்கெட்டு கெடையாது. ஊர்க்காரங்க அம்புட்டுப் பேரும் வரணும்.”

“யாரு படம்?”

“இங்கிலாந்துப் படம் மூணு. அயர்லாந்துப் படம் ரெண்டு.”

“வெள்ளக்காரன அனுப்பி எழுவத்தேழு வருசம் ஆச்சு. நீ வெத்தல பாக்கு வச்சுத் திரும்பக் கூப்புடுதியாக்கும்.”

“அயர்லாந்துக்காரனும் அவன எதுத்தவன்தானே அண்ணாச்சி.”

“அது எனக்குத் தெரியும்வே. நீ பொறக்கதுக்கு முன்னால படிச்சாச்சு.”

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். ஐந்தாம் நாள் படம் அயர்லாந்தில் ஒரு நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியதாம். நம்ம ஊருக்கென்றே எடுத்த மாதிரி இருக்கிறதாம். அன்றைக்கு நான் முன்வரிசையில் உட்கார வேண்டும், ஒரு பொன்னாடை போர்த்துவார்களாம்.

சார், நான் மறைக்கவில்லை. மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. முப்பத்தெட்டு வருடம் கழித்து ஊருக்கு ஞாபகம் வந்ததே என்று. வேலைநிறுத்தம் என்றால் மேலக்கரையில் வேறு யார் பேச முடியும்? எழுந்து நின்று என்ன பேசுவது, எங்கே தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“எவ்வளவு நேரம் பேசணும்?” என்றேன்.

“பேச்சு இல்ல அண்ணாச்சி. படம் ஓட ஓட மைக்குல தமிழ்ல சொல்லுததுக்கு ஒருத்தர் இருக்காரு. அஞ்சு நாளும் அவருதான். அவரே எல்லாம் பேசிருவாரு.”

“யாரு?”

அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஞானதுரை சாரு.”

“பொன்னாட யாரு போத்துவா?”

“அவருதான்.”

“எந்திச்சுப் போ” என்றேன். அதற்குள் என் மனைவி, “காப்பி ஆத்திட்டேன், குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்றாள். குடித்துவிட்டுத்தான் போனான். என் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு அவ்வளவுதான்.

ஞானதுரை யார் என்று சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் அவன், துணைச் செயலாளர் நான். அவன் எப்படிச் செயலாளர் ஆனான்? நிர்வாகத்தின் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். ஆலை வாசலில் நூல் சுற்றும் பாபின் அடுக்குகிற ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, வரிக்கு வரி தமிழில் சொல்வான். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அவன் படித்துச் சொன்னான். நான் போராடினேன். ஆனால் பெட்டிமேல் நின்றவன்தான் கண்ணில் படுவான், கீழே நின்று கோஷம் போட்டவன் படமாட்டான். உலக வழக்கம்.

1986. தொண்ணூற்று ஏழு நாள் வேலைநிறுத்தம். ஆயிரத்து இருநூறு பேர். கடைசியில் நிர்வாகம் ஒரு தாள் கொண்டுவந்தது. ‘இனி வேலைநிறுத்தத்தில் ஈடுபட மாட்டேன்’ என்று ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரலாம். யாரும் போடுவதில்லை என்று முடிவு. தீர்மானம் எழுதியது நான்.

தொண்ணூற்று ஆறாம் நாள் சாயங்காலம் ஞானதுரை என்னைக் கூப்பிட்டான். “சோலை, நூறாவது நாள் நோட்டீச திருநெல்வேலில நீயே நின்னு அடிச்சு வாங்கிட்டு வா. வேற யாரையும் நம்ப முடியாது” என்றான். அது உண்மைதான், வேறு யாரையும் நம்ப முடியாது. மறுநாள் விடியற்காலையிலேயே போனேன். நாலாயிரம் பிரதி. கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாயவில்லை. ஆலைச் சங்கு ஊதுகிறது. மூன்று மாதமாக ஊதாத சங்கு. காலையில் வாசலில் ஒரு மேஜையைப் போட்டு முதல் கையெழுத்து அவன்தான் போட்டான் என்றார்கள். அவன் பின்னாலேயே முந்நூறு பெண்கள். ஒரு வாரத்தில் மற்ற எல்லாரும். என்னை அனுப்பிவிட்டுத்தான் செய்தான், கவனித்தீர்களா? நான் இருந்தால் நடந்திருக்காது.

அந்த நாலாயிரம் நோட்டீசும் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

நான் போடவில்லை. மேலக்கரையில் கையெழுத்துப் போடாதவன் நான் ஒருவன்தான். அதைத் தவிர எனக்கு வேறு சொத்து இல்லை.

என் மனைவியா? செண்பகவடிவு அதே ஆலையில், நூலைச் சிட்டம் சுற்றுகிற ரீலிங் பிரிவில் இருந்தாள். அவள் உள்ளே போனாள். போகத்தானே வேண்டும், இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டில் ஒருவராவது அடுப்புப் பற்றவைக்க வேண்டாமா? வேலைநிறுத்தம் முழுக்கக் கஞ்சித்தொட்டியை நடத்தியவள் அவள்தான். தொழிலாளி வீடுகளுக்கெல்லாம் அந்த ஒரு வேளைக் கஞ்சிதான். ஆனால் ஒன்று, அவள் கையெழுத்துப் போடவில்லை. ரேகைதான் வைத்தாள். அவளுக்கு அப்போது எழுதத் தெரியாது. ரேகை வேறு, கையெழுத்து வேறு. அப்புறம் இருபத்திரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்து, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். நான் இயக்க வேலையில் இருந்தேன்.

விழா தொடங்கியது. தியேட்டருக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தேன். உள்ளே போகவில்லை. என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டாமா? அது ஓர் இயக்கக்காரனின் கடமை.

வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ரோஸ் கலர் தாளில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அன்றைய படத்தின் கதைச் சுருக்கம். ஞானதுரை எழுதியது. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம் மாதிரி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பான். மலிவான வித்தை. ஆனால் ஜனங்கள் அதை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். என் நோட்டீசை அப்படி யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

பழைய தியேட்டர், கதவு சரியாகச் சாத்தாது. அவன் குரல் தெருவரைக்கும் கேட்டது. முதல் நாள் படம் ஏதோ நிலக்கரிச் சுரங்க ஊராம், புறா வளர்க்கிற ஒரு விதவையாம். இவன் மைக்கில் சொல்கிறான்: “அவ சொல்லுதா, ஏ புறா, போனவனத்தான் காணும், நீயாவது நேரத்துக்கு வாறியே.” உள்ளே சிரிக்கிறார்கள், அப்புறம் மூக்கைச் சிந்துகிற சத்தம். எழுபத்து நாலு வயதில் அவனுக்கு அந்தக் குரல் எப்படி இருக்கிறது? எனக்கு எழுபத்திரண்டுதான். எனக்குக் குரல் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

முதல் நாள் மூன்று முறை கைதட்டல். இரண்டாம் நாள் ஏழு. எண்ணினேன். வேறு வேலை என்ன? ஆயிரம் மேடை ஏறியிருக்கிறேன் சார், ஒரே கூட்டத்தில் ஏழு கைதட்டல் எனக்கு இரண்டு முறைதான் கிடைத்திருக்கிறது. பொறாமை இல்லை. புள்ளிவிவரம் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் கூட்டத்தில் ஓர் இலைப்பச்சைச் சுங்குடிச் சேலை போனது. எங்கேயோ பார்த்த சேலை என்று நினைத்தேன். என் மனைவி. பீரோவில் மடித்து வைத்திருந்த சேலை. சினிமா ஜனங்களை மழுங்கடிக்கிற சாதனம் என்று கல்யாணமான மாதமே அவளுக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து அவள் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. இப்போது எங்கள் தெருவில் இருக்கிற பெண்களோடு கைகோத்துக்கொண்டு போகிறாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் கீரை ஆய்ந்துகொண்டு தனியே சிரிக்கிறாள்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல. அந்த ஊர்ச் சாமியாரு, யாரும் ஆடக் கூடாதுன்னு கொட்டகையப் பூட்டுதாரு. சாவியத் தொலச்சிருதாரு. அங்கிக்குள்ளயே கெடக்கு சாவி. ஊரே தேடுது.”

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“அண்ணன் சொல்லிக் கேக்கணும்.”

அண்ணன். மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பி ஊற்றினாள்.

“யாருக்கு?”

“அண்ணனுக்குத் தொண்ட கட்டிருக்கு. ரெண்டு மணி நேரம் கத்துதாவல்ல.”

“நான் அம்பது வருசமா கத்துதேன்.”

“உங்களுக்குக் கட்டலயே” என்றாள். போய்விட்டாள்.

நீங்கள் சிரிக்காதீர்கள் சார். ஆறு வீடு தள்ளி இருக்கிற ஒருவனோடு முப்பத்தெட்டு வருடம் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. எதிரே வந்தால் நான் பார்வையை எங்கே வைப்பது என்று தினமும் ஒரு வேலை. அவளும் பேசமாட்டாள் என்றுதான் இருந்தேன். பேசியிருக்கிறாள். அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று தெரிகிற அளவுக்குப் பேசியிருக்கிறாள்.

நான்காம் நாள் முடிவு செய்தேன். மறுநாள் வேலைநிறுத்தப் படம். ஊர் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கும். வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்தவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று சொல்வான். அதற்குக் கைதட்டுவார்கள். இது நடக்கலாமா? உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது.

என் நோட்டீசில் ஆள் பெயர் இருக்காது. 1979-ல் ஒரு பெயரைப் போட்டுவிட்டு அவதூறு வழக்கில் பதினொரு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தேன். அதிலிருந்து ‘ஒருவன்’ என்றுதான் எழுதுவேன். ஊர்ப் பெயரும் போடுவதில்லை. எனக்கு அது மனப்பாடமாக இருக்கிறது, சொல்கிறேன் கேளுங்கள்:

‘ஓர் ஆலை. ஆயிரத்து இருநூறு தொழிலாளர்கள். தொண்ணூற்று ஏழு நாட்கள் பசியை வென்றார்கள். அவர்களுக்கு ஒரு தலைவன். அவன் சொன்னால் ஆலை நிற்கும், அவன் சொன்னால் ஓடும். அவனை நம்பி ஒரு தோழன். ஒரு நாள் காலையில், தோழன் ஊரில் இல்லாத நேரத்தில், தலைவன் ஆலை வாசலுக்கு வந்தான். மேஜை இருந்தது. தாள் இருந்தது. பேனாவை எடுத்தான். ஏன் எடுத்தான்? யாருக்காக எடுத்தான்? முடிவை மக்களே சொல்லட்டும்.’

முடிவை மக்களே சொல்லட்டும் என்பது என் வழக்கமான கடைசி வரி. எல்லா நோட்டீசிலும் வரும்.

வேலன் அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ரோஸ் தாள்தான் கெடக்கு, தியேட்டருக்கு அடிச்சதுல மிச்சம்” என்றார் அச்சகக்காரர். தாளின் நிறத்தில் என்ன இருக்கிறது, கருத்துதானே முக்கியம் என்றேன். அங்கேதான் பிழை விட்டேன். ஆனால் அது பிழை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் படத்துக்கு மட்டும் ஞானதுரை கதைச் சுருக்கம் எழுதவில்லை. “இதுக்கு வேண்டாம், நேரா பாக்கட்டும்” என்று குற்றாலிங்கத்திடம் சொல்லிவிட்டானாம். கர்வம். நாலு நாள் கைதட்டல் வாங்கியதும் கர்வம் வந்துவிட்டது.

காலை ஒன்பதே முக்காலுக்குத் தியேட்டர் வாசலில் நின்றேன். சார், என் நோட்டீசைக் கொடுத்தால் பாதிப் பேர் கையை நீட்டமாட்டார்கள், மீதிப் பேர் வாங்கி வடையில் இருக்கிற எண்ணெயைத் துடைப்பார்கள். அன்றைக்கு வரிசையில் நின்று வாங்கினார்கள். “எனக்கொண்ணு, வீட்டுக்காரிக்கொண்ணு” என்று கேட்டு வாங்கினார்கள். தூணுக்குத் தூண் நின்று படித்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வருட உழைப்பு, ஜனங்கள் கடைசியில் விழித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு பெண்பிள்ளை படித்துவிட்டு, “பாவம், அந்தத் தலைவருக்கு என்ன நெருக்கடியோ” என்றாள்.

பாவமா? எனக்கு விளங்கவில்லை.

பழைய ஸ்பின்னிங் ஆள் ஒருவர் என் தோளைத் தட்டினார். “கத கனமா இருக்கும் போல அண்ணாச்சி. நம்ம ஞானதுர எழுதுனத விட நீரு எழுதுனது நல்லாருக்குவே. ஆளு பேரக்கூடச் சொல்லாம சஸ்பென்சா வச்சுட்டீரு.”

அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. எல்லாரும் அதை அயர்லாந்துப் படத்தின் கதை என்று படித்திருக்கிறார்கள். எல்லாரும். மூளையுள்ள ஒருவர்கூட, தொண்ணூற்று ஏழு நாள் என்றால் நம்ம ஊர்க் கதையல்லவா என்று யோசிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் மறந்துவிட்டார்கள். என்னையும்தான்.

உள்ளே ஓடினேன், மைக்கை வாங்கி இது கதைச் சுருக்கம் இல்லை என்று அறிவிக்க. ஞானதுரை திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் மைக். இன்னொரு கையில் ரோஸ் தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரை ஆலை, விடாத மழை, போர்வையைத் தலையோடு போர்த்திய பெண்கள், தொப்பி போட்ட அந்தத் தலைவன். ஞானதுரை சொல்லிக்கொண்டே வந்தான். நன்றாகத்தான் சொன்னான். ஒரு கட்சிக்காரனாக நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் நமக்கே அந்த மழையில் நிற்பது மாதிரி இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. ஆலை வாசல். மேஜை. தாள். தொப்பிக்காரன் பெண்கள் பக்கம் திரும்பி ஏதோ பேசுகிறான். மைக்கில் சத்தம் இல்லை. திரையில் மழைச் சத்தமும் அவன் பேச்சும் மட்டும். ஜனங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். “சொல்லுங்க சார்” என்றார் ஒருவர். “மைக்கு அவிஞ்சு போச்சா?” என்றார் இன்னொருவர். அவியவில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் அதில் கேட்டது. பேச்சுதான் வரவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. மாட்டிக்கொண்டாயா? இப்போது எந்த வாயால் சொல்வாய்?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் சொல்லுதேன்.”

என் மனைவி எழுந்து நின்றாள். மைக் இல்லை. ஆலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், தியேட்டர் முழுக்கக் கேட்டது.

“அவரு சொல்லுதாரு. தாய்களா, கஞ்சித்தொட்டில இன்னைக்குப் போட ஒரு மணி அரிசி கெடையாது. புள்ளைகளக் காயப்போட்டு வாற ஜெயம் நமக்கு வேண்டாம். நீங்களா உள்ள போனா ஊரு உங்களத் துப்பும். உங்க வீட்டு ஆம்பளைகளே துப்புவாக. மொதக் கையெழுத்து நான் போடுதேன். எனக்குப் பொறத்தால வாங்க. துப்புறவன் என்னத் துப்பட்டும். வீட்டுல கேட்டா, செயலாளரு போட்டான், அதான் போனோம்னு சொல்லிருங்க. வேற எதுவும் சொல்லாண்டாம்.”

திரையில் அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். தியேட்டரில் கை தட்டினார்கள். நான் எண்ணவில்லை. எண்ணுகிற மாதிரி விட்டுவிட்டு வரவில்லை அது. ஞானதுரை திரைக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்துவிட்டான். துண்டால் முகத்தை மூடியிருந்தான். தொண்டை வலியாக இருக்கும்.

அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது சார். அயர்லாந்தில் ஏது கஞ்சித்தொட்டி?

வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். “நோட்டீசுல மக்களே சொல்லட்டும்னு போட்டிருந்தியளே, உங்க வீட்டம்மாவே எந்திச்சுச் சொல்லிட்டாவ. நல்ல ஏற்பாடு” என்கிறார்கள். குற்றாலிங்கம் ஓடி வந்து, “அடுத்த வருசம் அஞ்சு படத்துக்கும் நீங்கதான் கதைச் சுருக்கம் எழுதணும் அண்ணாச்சி” என்று கையில் ஒரு பையைத் திணித்தான். ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்காதவனுக்குப் பை.

கடைசியாக ஞானதுரை வந்தான். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் முன்னால் நின்றான். “நல்லா எழுதியிருக்க சோலை. நீ எப்பவும் நல்லாத்தான் எழுதுவ” என்றான். அவ்வளவுதான். போய்விட்டான். அதில் என்ன குத்தல் வைத்திருக்கிறான் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

வீட்டில் கேட்டேன்.

“உனக்கு எப்பளா இங்கிலீசு தெரியும்?”

“எனக்கு எங்க தெரியும்? தெரிஞ்சதச் சொன்னேன்.”

“நீ சொன்னது படத்துல இருந்துச்சா?”

“நீங்கதான் கதவுகிட்ட நின்னீகளே. பாக்கலியா?”

“அந்த ஊருல கஞ்சித்தொட்டி உண்டா?”

“சோறு ஆறுது, சாப்புடுங்க” என்றாள்.

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. சுக்குக் காப்பி மட்டும் இப்போதும் போகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில். பிளாஸ்கை என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறாள்.

இதோ, சட்டைப் பையில் இருக்கிறது பாருங்கள், என் இரண்டாவது நோட்டீஸ். ‘ஐந்தாம் நாள் படத்தில் அவன் உண்மையில் சொன்னது என்ன?’ வேலன் அச்சகத்தில் அடிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள், அதனால்தான் திருநெல்வேலிக்குப் போகிறேன். நடுவில் இரண்டு வரி வெற்றிடம் விட்டிருக்கிறேன். அது கிடைக்காமல்தான் ஒரு மாதம் ஓடிவிட்டது. ஊரில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அந்த அயர்லாந்துக்காரன் பேசின ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கவில்லையாம். விளங்கியவன் ஒருவன்தான். அவனிடம் போய் நான் கேட்பேனா?

நீங்கள் சொல்லுங்கள் சார். அந்தக் கடைசிக் காட்சியில், மேஜைக்கு முன்னால், தொப்பிக்காரன் அந்தப் பெண்களிடம் என்ன சொல்கிறான்?

என்ன?

‘மழை வலுக்கிறது, வரிசையாக வாருங்கள், தாள் நனையக் கூடாது.’ அவ்வளவுதானா? அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லையா? முதலில் நான் போடுகிறேன் என்று? துப்புகிறவன் என்னைத் துப்பட்டும் என்று? நன்றாக யோசித்துப் பாருங்கள். இரண்டு தடவை பார்த்தீர்களா? சரி.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். காற்று வரட்டும்.

அப்படியானால் அவள் எங்கே கேட்டாள்?

இதே பஸ்தான் சார். இதே ரோடு. தொண்ணூற்று ஏழாம் நாள் காலையில் நான் இந்தப் பஸ்ஸில்தான் இருந்தேன். வேறு யாரையும் நம்ப முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினான்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். ஒன்றும் இல்லை.

சரி. எதுவாக இருந்தால் என்ன, ஆதாரம் ஆதாரம்தான். படத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. பொது இடத்தில், நானூறு பேர் முன்னால், இல்லாததை இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இதை எழுதத்தான் வேண்டும். பெயர் போட மாட்டேன். ‘ஒருத்தி’ என்று போடுவேன். நீங்கள் இப்போது சொன்னதை அந்த இரண்டு வரி இடத்தில் உங்கள் கையால் எழுதி, ஆங்கிலப் பேராசிரியர் என்று போட்டு, கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள். சாட்சிக்கு.

ஏன் பேனாவை மூடுகிறீர்கள்?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சார். ஒரு கையெழுத்துதானே.